எல்லம்மாவின் ஆடு தின்ற கொடி

தாம்பரம்
12.8.1988

அன்புள்ள அம்மாவுக்கு அலமேலு வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

திங்கட்கிழமை டீச்சர் வீட்டு வேலையை முடித்துவிட்டு வரும்போது, பின்பக்கப் பூந்தொட்டியில் ஓர் ஊதாப்பூ பார்த்தேன். நம் மலையில் ஆட்டுக்கு அறுத்துப் போடுவோமே, அந்தக் காட்டுப் பட்டாணிக் கொடி. களைதானே என்று பிடுங்கி, பக்கத்து வீட்டு எல்லம்மாவின் ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

மாலையில் கல்லூரியிலிருந்து வந்த டீச்சர் தொட்டியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"உலகத்துலயே உங்க மலையில மட்டும்தான் இது இருக்கு அலமேலு. மூணு வருஷமா விதை போட்டு இப்பதான் ஒண்ணு பூத்துச்சு" என்றார்கள். கண் கலங்கியிருந்தது. ஆடு தின்னும் கொடிக்கு யாராவது அழுவார்களா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் சரிவு முழுக்க இருக்கிறதே என்று சொல்லலாமா? சொன்னால், அங்கே நம் ஆடுகளை மேய விடாமல் செய்துவிடுவார்களா?

பிடுங்கியது நான்தான் என்று சொல்வதற்குள் டீச்சருக்கும் எல்லம்மாவுக்கும் சண்டை.

"உன் ஆடுதான் உள்ள வந்திருக்கு."

"அய்ய, அது கவுத்துல கட்டிதான் கீது டீச்சர். கேட்டை இன்னா கையாலயா தொறந்துச்சு?"

இங்கே என்னோடு பேசுகிறவள் எல்லம்மா ஒருத்திதான். நாலு நாளாக இந்தப் பக்கமே வரவில்லை.

அந்தக் கொடியில் முற்றிய காய் இருந்தால் தீப்பெட்டியில் போட்டு அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள.

நடந்ததை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல், படித்துவிட்டு உனக்கு அனுப்பச் சொல்லி டீச்சர் கையிலேயே கொடுக்கிறேன்.

உன் மகள்
அலமேலு