பிலோமினாள் ஒட்டிய பாட்டு

1938 ஆகஸ்டு 14

மழை இல்லை. சாமைக் கதிர் தலை சாய்த்துவிட்டது. இந்த வயதில் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் என் மனைவி பிலோமினாள். ஒரு பக்கம் எழுத அரைப்பொழுது ஆகிறது. முடித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நானா எழுதினேன்?

மகன் பிலிப் மறுபடி ஆரம்பித்துவிட்டான். "நைனா, துரை சீமைக்குப் போய் ரெண்டு வருசம் ஆச்சி. இந்தப் பியானோ பாதி வூட்ட அடைச்சிக்கினு நிக்குது. அறுப்புக்குள்ள ஒடைச்சி, அந்தப் பலகையில சாமை கொட்டப் பெட்டி செஞ்சிக்கலாம்."

அவன் சொல்வதில் தப்பில்லை. போன வருஷம் விளைச்சலில் பாதியை எலி தின்றது.

ஆனால் இது வெறும் பியானோ இல்லையே. காகிதச் சுருளை மாட்டிக் காலால் மிதித்தால் கட்டைகள் தாமாகவே இறங்கி ஏறும். துரை தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே சன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். போகும்போது எனக்கே கொடுத்துவிட்டார். மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தோம். வந்த நாள் முதல் ஊமை. மிதித்தால் புஸ்ஸென்று காற்றுப் போகிறது.

ஆகஸ்டு 17

உடைக்கவா, சரி செய்யவா? உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் உட்காருகிறேன்.

ஆகஸ்டு 22

போளூரிலிருந்து ராஜாக்கண்ணு வந்தார். கோயில் ஆர்மோனியங்களைப் பழுது பார்ப்பவர். முன்பலகையைக் கழற்றியதும் எலிக்கூடு.

"துருத்தித் துணி போச்சி பெரியவரே. மெலிசா ஆட்டுத்தோல் கெடைச்சா மாத்திடலாம். கம்பியெல்லாம் நல்லாத்தான் கீது."

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பிலோமினாள் அவருக்குக் களியும் கீரையும் போட்டாள். பிறகு அவர் சுருள்களைக் கேட்டார். அவள் பெருமையாகத் துணிமூட்டையை அவிழ்த்தாள். ஒன்றை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். காகிதத்தில் இருந்த துளைகள் எல்லாவற்றின் மேலும் துண்டுக் காகிதம். கஞ்சிப் பசை போட்டு, அத்தனை சுத்தமாக.

"யாரும்மா இத ஒட்டுனது?"

"நான்தான். பூச்சி அரிச்சி சல்லடையா இருந்திச்சி. துரை குடுத்த பொருளாச்சேன்னு போன மழைக்காலம் பூரா ஒக்காந்து ஒட்டினேன்."

"அந்த ஓட்டைதாம்மா பாட்டே. அது வழியா காத்து போனாதான் கட்டை எறங்கும்."

பிலிப் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது.

ஆகஸ்டு 23

நான் எழுதியதைத் திருத்தப் பிலோமினாள் வரவில்லை.

ஆகஸ்டு 27

ஒரு சுருளை நனைத்து ஒட்டுகளை உரித்துப் பார்த்தாள். ஒட்டோடு சுருளும் கிழிந்து வந்தது. அடுப்பில் போட்டாள் — தடுக்கத்தான் நினைத்தேன். என்ன சொல்லித் தடுப்பது?

"தானா பாடாதுன்னு ஆய்ட்சி. இன்னும் இன்னா நைனா?" என்கிறான் பிலிப். கோடாலி தீட்டியாகிவிட்டது. பாட்டே இல்லாத பெட்டிக்குத் தோல் எதற்கு? எனக்கும் தெரிகிறது. ஆனால் இன்றைக்கு உடைத்தால், அவள் ஒட்டியதால்தான் உடைந்தது என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். நான் எப்படிடா உடைன்னு சொல்றது?

செப்டம்பர் 3

ராஜாக்கண்ணுவை மறுபடி வரவழைத்தேன். வேறு வழியே இல்லையா என்றேன்.

"துருத்தி, குழாய் எல்லாத்தையும் கழட்டிட்டா சாதாப் பியானோ. யாராச்சும் கை வெச்சி வாசிக்கணும். வயிறு மட்டும் காலியா கெடக்கும்."

"எவ்ளோ காலி?" என்று கேட்டான் பிலிப். கேட்டபடியே முழம் போட ஆரம்பித்துவிட்டான்.

கழற்றுங்கள் என்றேன். இனி அது தானாகப் பாடாது. சொன்ன பிறகு தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன்.

செப்டம்பர் 8

மாதா பிறந்த திருநாள். கோயிலுக்குப் போய்வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கட்டைமேல் விரல் வைத்தாள் பிலோமினாள். சிறு வயதில் கன்னியர் மடத்தில் ஆர்மோனியம் பழகியவள்.

"இத்தன நாளா ஏன் தொடல?" என்றேன்.

"தானா பாடற பெட்டின்னு சொன்னீங்க. என் கை இன்னாத்துக்கு?"

மாதா பாட்டைக் கட்டை கட்டையாகத் தேடிப் பிடித்தாள். நானும் கூடப் பாடினேன்.

"நீங்க சும்மா இருங்க. சுதியே சேரல."

அந்தச் சுருள் நாளுக்குப் பிறகு என்னைத் திட்டியது இதுதான் முதல் முறை!

அக்டோபர் 2

அறுப்பு முடிந்தது. கம்பிகளுக்கு முன்னால் தகரத் தடுப்பு அடித்து, பிலிப் சாமையைக் கூடையோடு பியானோவின் வயிற்றில் கவிழ்த்தான். உள்ளே கம்பிகள் எல்லாம் உம்மென்று அதிர்ந்தன.

அடுப்படியிலிருந்து பிலோமினாள் கத்தினாள்: "மெல்லமா கொட்றா! சாயங்காலம் நான் வாசிக்கணும்."