சாமிக்கும் ஒரு ராத்திரிதான்

முதலமைச்சர் போய்விட்டார் என்று ஊரில் பாதிப் பேர் மொட்டை போட்டார்களே, அந்த முடி வளர்ந்து சீப்புக்கு அடங்க ஆரம்பித்த நேரத்தில் மனுஷன் நிலாவில் காலை வைத்துவிட்டான் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்களே, அந்த வருஷம் புள்ள. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் நீயும் நானும் கப்பல் ஏறினோம். இன்று காலை நம் பேரன் பெண்டாட்டி, அன்றைக்கு நாம் கொண்டுபோன அந்தச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளியும் செம்பும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் இடது கை தானாக மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான். அவனும் கப்பல் ஏறப் போகிறான். வேலைக்கு இல்லை, பெண்டாட்டியோடு கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வர. அதற்கென்றே இப்போது கப்பல் விடுகிறார்களாம். முந்தின ராத்திரி சென்னையில் தங்க வேண்டும். லாட்ஜில் ரூம் போட்டுப் படுத்து எழுந்து நேராகப் போய் ஏறிவிடுவோம் தாத்தா, ஒரு ராத்திரியில் என்ன பார்த்துவிட முடியும் என்றான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் ஆரம்பித்தேன். பாதியில் பார்த்தால் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நாம் போனது பிழைப்புக்கு. அந்தமானில் ரோடு போடுகிற வேலை. நம் ஊர்ச் சனம் கொஞ்சம் பேர் முன்னாலேயே அங்கே போய்க் குடிசை போட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கூலி இருந்தது, சோறு இருந்தது. பிறந்த பிள்ளைக்கு முடி இறக்க ஒரு சாமிதான் இல்லை. பிள்ளைகள் சடை விழுந்த தலையோடு திரிகின்றன, வரும்போது பச்சையம்மன் பிடிமண் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்வராயன் மலை இறங்கி வந்து நம் கொல்லைகளில் முடிகிற இடத்தில் அவள் இருக்கிறாள். அங்கே பொங்கல் வைத்து, ஒரு பிடி மண்ணை இந்தச் செம்பில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, என் மணிக்கட்டில் காப்பும் கட்டி, கையில் கொடுத்தார் கோவிந்தன் அண்ணன். என் பெரியப்பா மகன், நம்மோடு வந்து அங்கே பூசாரியாக இருக்கப் போகிறவர். போய்ச் சேருகிற வரைக்கும் செம்பு தரையில் படக் கூடாது. எந்த இடத்தில் பட்டதோ அந்த இடத்திலேயே அவள் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள் என்றார்.

பஸ் தியாகதுருகம் தாண்டும்போது முன் சீட்டுக்காரர் ஒருவர் பேப்பர் பார்த்துக்கொண்டே, நிலாவுக்குப் போனவன் அங்கிருந்து மண் அள்ளி வந்திருக்கிறான் என்று பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நீ நம் கைக்குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பின் சீட்டிலிருந்து எட்டி என் காதில் சொன்னாய்: "அவன் எடுத்துக்கினு வந்தான். நாம எடுத்துக்கினு போறோம்." இரண்டும் ஒரே மாதிரி வேலை என்பது போல இருந்தது உன் முகம்.

பாரிஸ் கார்னரில் இறங்கும்போது பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. பக்கத்துச் சத்திரத்தில் சுவர் ஓரமாக இடம் கிடைத்தது. அண்ணன் நம் மூட்டைகளை அடுக்கி, என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, விடிகிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது என்றார். எனக்கு அதுதான் நல்லது என்று பட்டது. நீ எழுந்து அண்ணன் எதிரில் நின்றாய்.

"இந்த ஊர்ல நமக்கு ஒரு ராத்திரி தான் மாமா. அதையும் செவுத்தப் பாத்துக்கினு குந்தினு இருக்கணுமா?"

"சாமிய வச்சிக்கினு ஊரு சுத்தப் போறேன்றா பாரு. இன்னா பொம்பளடா இவ?"

"சாமிக்கும் ஒரு ராத்திரி தான மாமா. அவ மட்டும் பட்டணத்தப் பாத்துருக்காளா?"

சாமியைக் கண் மறைவில் விட அண்ணனுக்கு மனசு வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

கோட்டையை ஒட்டி நடந்தோம். நான் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பெரிய கட்டடம் எதிரில் வந்தால் நின்று, செம்பு வாய்ப் பக்கம் குனிந்து, இது இன்னது என்று நீ அம்மனுக்குச் சொன்னாய். உனக்கே தெரியாததை எதிரில் வருகிறவரிடம் கேட்டுச் சொன்னாய். அவர்கள் நம்மை ஒரு மாதிரி பார்த்தார்கள். அண்ணன், தான் இந்தக் கூட்டத்தோடு வரவில்லை என்பது போலப் பத்தடி தள்ளி வந்தார். முதலமைச்சரைப் புதைத்த இடத்தில் இன்னும் கூட்டம் இருந்தது. அதையும் பார்த்தோம். அதைத் தாண்டினால் கடல்.

நானும் நீயும் கோமுகி அணைக்கு மண் சுமந்தவர்கள். அந்தத் தண்ணீரைத்தான் உலகத்திலேயே பெரிய தண்ணீர் என்று நினைத்திருந்தேன். அதற்கு அக்கரை உண்டு, அக்கரையில் மலை உண்டு. இதற்கு ஒன்றுமில்லை. என் கால் மணலில் நின்றுவிட்டது. நீ என் முகத்தைப் பார்த்தாய். பிள்ளையை மணலில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீரில் கால் நனைத்து வந்து, ஈரக் கையைச் செம்பின் மேல் வைத்தாய்.

"இதான் கடலு. நாளைக்கு இத்தத் தாண்டணும். பயப்படாத, நாங்கெல்லாம் கூடத் தான் வர்றோம்."

அம்மனிடம்தான் சொன்னாய். அதற்கப்புறம் எனக்கு மூச்சு சீராக வந்தது.

சுண்டல் வாங்கினாய். நான் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்திருந்ததால் நீயே எனக்கு ஊட்டினாய். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் எதிரில் நீ என் பக்கத்தில்கூட உட்கார்ந்தது கிடையாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கப்பல் விளக்குகளை எண்ணுகிறவர் போல நின்றார். அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாய். முதலில் வேண்டாம் என்றவர் காகிதத்தை உதறித் தின்றார்.

காலையில் துறைமுக கேட்டில்தான் எல்லாம் கெட்டுவிடும் போல ஆனது. காவல்காரர் என்னை நிறுத்தினார். எந்த ஊர் என்று கேட்டார். கல்வராயன் மலைப் பக்கம் என்று அண்ணன் சொல்லியிருக்கக் கூடாது. மலையா, அப்போது செம்பில் இருப்பது சாராயம்தான் என்று பின்னால் நின்றவன் ஒருவன் சிரித்தான். கீழே வைத்து அவிழ்த்துக் காட்டு என்றார் காவல்காரர். வைக்கக் கூடாது என்றேன். வைக்காவிட்டால் திரும்பிப் போ என்றார். அண்ணன் கும்பிட்டார், கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. வரிசை நம்மைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. திரும்பிப் போனால் வேலை போச்சு, கீழே வைத்தால் அம்மன் போச்சு. அங்கே தீவில் சடைத் தலையோடு பிள்ளைகள் காத்திருக்கின்றன. கப்பல் ஊதியது.

நீ இடுப்பிலிருந்த பிள்ளையை அப்படியே தரையில் இறக்கி வைத்தாய். அது வீல் என்று கத்தியது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காவல்காரர் எதிரில் போய் நின்றாய்.

"அண்ணா, கையை நீட்டுங்க. உங்க கையில வைக்கறோம், நானே அவுத்துக் காட்றேன். பூமியில மட்டும் வேணாங்க."

அவர் என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். நான் செம்பை வைத்தேன். நீ மஞ்சள் துணியை அவிழ்த்தாய். அவர் எட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"வெறும் மண்ணு. ஏம்மா, போற எடத்துல மண்ணே இல்லயா?"

"மண்ணு கீதுங்க. இவ இல்ல."

அவர் சிரிக்கவில்லை. நீ திரும்பக் கட்டி முடிக்கிற வரைக்கும் கையை ஆட்டாமல் ஏந்திக்கொண்டு நின்றார். வரிசையில் இருந்தவர்களை நிறுத்தி, முதலில் நம்மை உள்ளே விட்டார்.

படியேறும்போது அண்ணன், கண்ட ஆள் கை பட்டுவிட்டதே என்று ஆரம்பித்தார். "ஆளு கை பூமி இல்லயே மாமா," என்றாய். கப்பல் கரையை விட்டு விலகுகிற வரைக்கும் அவர் அதை யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் தீவில் இறங்கி, ஒரு மரத்தடியில் மண்ணை வைத்து, சனமெல்லாம் கூடியபோது, கேட்டில் காவல்காரர் கையையே பீடமாக்கிய கதையைத் தன்னுடைய யோசனையாகத்தான் சொன்னார். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். அந்த மரத்தடியில் முதல் மொட்டை நம் மகளுக்கு. அம்மன் பெயரையே பிள்ளைக்கும் வைத்தோம்.

வேலை முடிந்து காலிச் செம்போடு கள்ளக்குறிச்சிக்கே திரும்பி வந்தோம். அம்மன் வரவில்லை. அங்கேயே இருக்கிறாள், இப்போது ஓட்டுக் கட்டடத்தில். ஒரு கூலிக்காரன் பெண்டாட்டி கடல் தாண்டிக் கொண்டுபோய் உட்கார வைத்த சாமி. இதை நான் யாரிடமும் தலையை நிமிர்த்தித்தான் சொல்வேன்.

மகளை ராயபுரத்தில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற பையனுக்குக் கொடுத்தோமே, அந்தக் கல்யாணப் பந்தலில் அண்ணன் சொன்னது நினைவிருக்கிறதா? "அன்னிக்கே இவள அந்த கேட்டாண்ட எறக்கி வச்சிட்டியே புள்ள. அங்கியே குந்திக்கினா பாரு." பந்தலே சிரித்தது. நீ மட்டும் தயங்காமல் சொன்னாய்: "கப்பலுக்குப் போறவங்க ராத்திரி தங்க நம்ம சனத்துக்கு ஒரு வூடு வேணும்ல மாமா."

அண்ணன் போய் வெகுகாலம் ஆகிறது. நீ போய் இரண்டு மழை முடிந்துவிட்டது. என் இடது கை மட்டும் இன்னும் எதையோ அணைத்துக்கொண்டுதான் தூங்குகிறது.

பேரனிடம் லாட்ஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நட, முதலில் அவளைத் தண்ணீரில் கால் வைக்கச் சொல் என்றேன். ராத்திரி தங்க ராயபுரத்தில் அவன் அத்தை வீடு இருக்கிறது. அன்றைக்குச் செம்போடு போனவர்களில் என்னை விட்டால் மிச்சம் அவள் ஒருத்திதான், அந்தக் கேட்டில் நீ தரையில் இறக்கி வைத்தவள், நம் பச்சையம்மா.