அவள் பேசி முடிக்கும் வரை

ஆகஸ்ட் 14, வியாழன், மதியம் 1.10. கேட்டது ஐந்து. கிடைத்தது நான்கு.

அன்புள்ள அப்பாவுக்கு,

மேலே இருப்பதுதான் செய்தி. மீதியை நிதானமாகப் படியுங்கள். இங்கே எல்லோரும் நலம். தங்கை வாலு கல்லூரியில் சேர்கிறாள், இந்த வருடமே. உதவிக்கு ஏற்பாடு ஆகாவிட்டால் ஒரு வருடம் தள்ளிப் போடலாம் என்று போன கடிதத்தில் கப்பலிலிருந்து எழுதியிருந்தீர்களே, அந்தப் பேச்சுக்கு இனி வேலை இல்லை.

கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஓர் உதவிப் பிரிவு இருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் அங்கே போய் என்னென்ன தேவை என்று பதிய வேண்டும். ஓர் ஆளுக்கு நாற்பது நிமிடம். இன்று தவறினால் அடுத்த சந்திப்பு, வகுப்பு தொடங்கி ஆறு வாரம் கழித்துத்தான். அதனால் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அவள் நாக்கும் கையும் காலும் அவள் அவசரத்துக்கு ஒத்துழைப்பதில்லை என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யார் மதிப்பார்கள்? ஆலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிறவன் நான். நிமிடத்துக்குப் பதினொரு சொல் பேசுகிறாள், ஆறு சொல் தட்டச்சு செய்கிறாள், பேனாவை மூன்று நிமிடம் பிடிக்கிறாள் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, வரைபடம் போட்டு, ஒன்பது பக்கம். முடிவு: தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும்.

உதவிப் பிரிவு அலுவலருக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒன்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா புது மெஷினுக்குப் போட்ட ரிப்போர்ட் மாதிரில்ல இருக்கு" என்றார். வாலு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாணவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம், அதுதான் விதியாம். நான் உட்காரலாம், பேசக் கூடாதாம்.

நம் வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நாம் முடித்து வைப்போம். அம்மா அன்பாக, நீங்கள் அவசரமாக, நான் எரிச்சலாக. ஆனால் மூன்று பேரும் முடித்து வைப்போம்.

பள்ளியில் தேர்வு எப்படி எழுதினாய் என்பது முதல் கேள்வி. வாலு ஆரம்பித்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் ஓடிவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. "எழுத ஆள் குடுத்தாங்க மேடம், இங்கயும் அதே குடுத்தா போதும்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். வாலு திரும்பி, ஒரே மூச்சில், "வாய மூடு" என்றாள். இவ்வளவு தெளிவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். பள்ளியில் எழுதக் கொடுத்த ஆள் அவசரக்காரனாம். இவள் பாதி சொன்னதுமே மீதியை அவனாக ஊகித்து எழுதிவிடுவானாம். இவள் "இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவானாம். வரலாற்றில் நாற்பத்தொன்று வாங்கினாளே, படிக்கவே இல்லை என்று நீங்களும் நானும் மாறி மாறித் திட்டினோமே. அந்த விடைத்தாளில் பாதி அவனுடையது, அப்பா.

"எழுத ஆள் வேணாம் மேடம். நான் பேசுறேன், பதிவு பண்ணிக்குங்க. நான் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிற ஒருத்தர் போதும். எங்கண்ணன் மாதிரி ஆளா மட்டும் பார்த்துடாதீங்க" என்றாள். அலுவலர் சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் குடித்துத்தான் அடங்கியது.

நாற்பது நிமிடம் முடிந்தபோது இன்னும் மூன்று கேள்விகள் பாக்கி. அடுத்த மாணவர் கதவைத் தட்டிவிட்டார். நான் சண்டைக்குத் தயாராக எழுந்தேன். வாலுதான், "வந்தவங்க முடிக்கட்டும் மேடம். நான் வெளிய இருக்கேன். எனக்கு நேரமாகும், ஆனா முடிச்சிடுவேன்" என்றாள். அலுவலர் டைரியைப் பார்த்து, சாப்பாட்டு இடைவேளையில் வரச் சொன்னார். அவர் சாப்பாட்டு நேரத்தை இவளுக்குக் கொடுத்தார் என்பதே எனக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

நடைபாதை பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பள்ளியில் எழுதிய அந்த ஆளைப் பற்றி அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்ல ஆரம்பிச்சேன். நீதான் முடிச்சு வச்ச" என்றாள்.

1.10க்குக் கையெழுத்து விழுந்தது. தேர்வுகளைப் பேசிப் பதிவு செய்யலாம். இரட்டிப்பு நேரம். வகுப்பெல்லாம் கீழ்த்தளத்தில். வகுப்பில் ஒருவர் உடன் இருப்பார், இவள் கேட்டால் மட்டும் இவள் சொன்னதைத் திருப்பிச் சொல்வார். ஐந்தாவது, குளியலறை சேர்ந்த விடுதி அறை. அதற்கு இரண்டு வாரம் ஆகுமாம். ஆமாம், விடுதிதான். அதையும் அவளேதான் கேட்டாள். என் ஒன்பது பக்கத்தில் அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல என்னைப் பார்த்து என்ன ஆச்சு என்றாள். அவளைக் கேளு என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கதை முடிய ஐம்பது நிமிடம் ஆனது. அம்மா அழுதாள், ஆனால் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் இப்போதுதான் நெஞ்சு லேசானது போல இருக்கிறது. இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையே இன்று நன்றாகச் சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன்.

இனி நான் செய்யப் போவது:

1. திங்களன்று விடுதிக் காப்பாளரைப் பார்க்கப் போவோம். பேசப் போவது வாலு. பையைத் தூக்கப் போவது நான்.

2. ஒன்பது பக்கத்தையும் கிழித்துவிடுவேன். வரைபடத்தை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தாள்.

3. அந்த நாற்பத்தொன்றுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். என் பங்குக்கு மட்டும்தான் நான் கேட்க முடியும்.

4. அடுத்த துறைமுகத்தில் இறங்கி நீங்கள் அழைக்கும்போது போனை நான் எடுக்க மாட்டேன். அவள் எடுப்பாள். உங்கள் போன் அட்டையில் இருப்பது பத்து நிமிடப் பேச்சுதான், அவள் பாதி சொல்வதற்குள் தீர்ந்தாலும் தீரும். தீரட்டும். நீங்களாக வைத்துவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகன்