பூனைகளுக்கு ஒதுக்கிய மூலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் தன் வயதை அவ்வப்போது சொல்லிக் காட்டுகிறது. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பதாகப் போனில் சொன்னாலும் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி, ஆகவே பதிலைத் தாளில் எழுது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கொத்தனார் வந்து பின்தோட்டம் முழுவதும் டைல்ஸ் போட நீ ஏற்பாடு செய்திருக்கிறாய். நானும் சரி என்றேன், மறுக்கவில்லை. ஆனால் நீ கூப்பிட்ட அன்று காலையில்தான் கொத்தமல்லி பறிக்கப் பாத்தியில் கையை விட்டேன், கையோடு பூனை மூடி வைத்திருந்த வேறொன்று வந்தது. அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். முழுவதும் படித்துவிட்டு, பிறகு கோபப்படு.

மூன்று மாதமாக நான் பட்ட பாடு உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மூன்று பூனைகள், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல், மூன்றாவது என்ன நிறம் என்று அதற்கே தெரியாது. நான் காபி குடித்து முடிப்பதற்குள் வந்து கீரைப் பாத்தியில் காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடும். ஆரஞ்சுத் தோலை நறுக்கிப் போட்டேன், மறுநாள் அந்தத் தோலையும் சேர்த்து மண்ணால் மூடி வைத்திருந்தன. காபிச் சக்கையைத் தூவினேன், பாத்தியின் நிறம்தான் மாறியது. மிளகுப் பொடி போட்டதில் தும்மியது நான். முள் குச்சிகளை நட்டதில் குத்துப்பட்டதும் நான். துடைப்பத்தோடு துரத்தினேன், அதன் முடிவு உனக்குத் தெரியும், விழுந்து, கணுக்கால் வீங்கிப் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன், அதிலிருந்துதான் உனக்கு டைல்ஸ் நினைப்பு வந்தது. இத்தனை எரிச்சலிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சாம்பல் பூனை வேலை முடிந்ததும் ஒரு கையால் நாலு தரம், மறு கையால் நாலு தரம் மண்ணைத் தள்ளி, முகர்ந்து பார்த்து, திருப்தி இல்லையென்றால் மறுபடியும் தள்ளும். நாற்பது வருடம் குளித்துவிட்டு ஈரத் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போன உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்குப் போன வருடம் குடி வந்தவளைப் பற்றி உனக்கு நான் நல்லதாக ஒன்றும் எழுதியதில்லை. பேருந்தில் கண்டக்டர், தெருவில் எல்லோரும் விசிலம்மா என்கிறார்கள், வாயில் விசில் இல்லாத நேரத்திலும் குரல் அப்படித்தான். மதிலோரம் ஒரு தட்டில் பூனைகளுக்குச் சோறு வைப்பாள். அதனால் அவை அவளுடைய பூனைகள் என்று நானே முடிவு கட்டி, ஒருநாள் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, உங்கள் பூனைகளுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுங்கள் என்றேன். நான் சொன்ன விதம் சரியில்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே, அதுங்க எங்கிட்ட டிக்கெட் வாங்குனதுங்க இல்லம்மா, வழியில தானா ஏறுனதுங்க என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கால் வீங்கிய அந்தப் பத்து நாளும் எனக்குப் பாலும் ரொட்டியும் வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவள் அவள்தான். நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லிக் காட்டவும் இல்லை.

நீ டைல்ஸ் ஏற்பாடு செய்ததை நானே அவளிடம் சொல்லும்படி ஆயிற்று. பெருமையாகத்தான் சொன்னேன், இனி உங்கள் விருந்தாளிகளுக்கு இங்கே வேலை இல்லை என்று. அவள் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கீரையையுமா மூடப் போறீங்க, மூணு நாள் குடுங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன் என்றாள். அந்த வாரம் அவளுக்கு மாலை வேலை. மூன்று நாள் காலையும் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, டீயும் கையுமாக, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தாள். நான்காம் நாள் வந்து, வெள்ளை ஆறரை வண்டி, சாம்பல் ஆறே முக்கால், மூணாவதுக்கு மட்டும் டயமே கெடையாது, மினி பஸ் மாதிரி என்றாள். பிறகு பாத்தியில் குத்துக்காலிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் ஓடவிட்டு, யாரும்மா சலிச்சது என்று கேட்டாள். நான்தான், பொடிச் சல்லடையில் இரண்டு தரம் என்றேன். உனக்குத் தெரியும், நான் படித்த கான்வென்ட் விடுதியில் பிள்ளைகள் நாங்கள் விரித்த படுக்கையை மதர் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், ஒரு சுருக்கம் தட்டுப்பட்டாலும் மொத்தத்தையும் உருவிப் போட்டு மறுபடி விரிக்கச் சொல்வார். பாத்தியையும் நான் அப்படித்தான் விரிப்பேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, இப்பிடி மெத்தையும் போட்டு வச்சுட்டு யாரும் வரக் கூடாதுன்னா எப்பிடிம்மா, இந்தத் தெருவுலயே மெத்துன்னு இருக்கறது உங்க மண்ணுதான் என்றாள். எழுபத்து மூன்று வயதுக்குள் என் வேலையில் குறை சொன்னவர்கள் உண்டு, வேலை நேர்த்தியாக இருப்பதே குறை என்று சொன்னவள் இவள் ஒருத்தி. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மைதான்.

அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன், நீயும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். படியில நிக்காதேன்னு நூறு தரம் கத்துனாலும் ஒருத்தர் கேக்க மாட்டாங்கம்மா, உள்ள எடம் இருக்கு, ஜன்னல் பக்கம் காத்து வருதுன்னு சொல்லுங்க, தானா நகருவாங்க என்று சொல்லிக்கொண்டே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்றும் விளையாத மூலையில் முழ ஆழம் தோண்டி, சுவர் பூசியபோது மிஞ்சிக் கிடந்த மணலைக் கொட்டினாள். மழை படாமல் மேலே ஒரு தகரம். பாத்தியில் கிடந்த அசிங்கத்தில் கொஞ்சம் அள்ளி அங்கே போட்டாள். எதற்கு என்று கேட்டால், வண்டி எந்த ஊருக்குன்னு போர்டு வேணாமா என்கிறாள். பிறகு பாத்திகளில் செடிகளுக்கு நடுவே ஒரு சாண் வெறும் மண்கூடத் தெரியாமல் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நாற்றுகளைச் சுற்றிக் கூழாங்கல் போட்டாள். கற்களை நான் வரிசையாக அடுக்கப் போனேன், நேரா வச்சா வழி விட்ட மாதிரி ஆயிரும், கலைச்சு வைங்க என்று அதட்டினாள். என்னை அதட்டி எத்தனை வருடம் ஆயிற்று. கலைத்து வைத்தேன். பார்க்கக் கண்ணுக்கு நன்றாக இல்லை, ஆனால் மறுநாள் வெள்ளைப் பூனை வந்து சுள்ளியில் ஒரு கால் வைத்து, எடுத்து, உதறி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூலைக்குப் போயிற்று. சாம்பல் மூன்றாம் நாள். நேரம் காலம் இல்லாத மூன்றாவதுக்கு ஒரு வாரம் ஆயிற்று. இன்றோடு பதினாறு நாள், பாத்திகள் சுத்தம். தினமும் காலையில் கையுறை போட்டுக்கொண்டு மூலையைச் சுத்தம் செய்து மணலைச் சலித்து வைக்கிறேன், இரண்டு தரம்.

இருபத்தைந்து வருடம் ஓடுகிற பேருந்தில் ஒன்றையும் பிடிக்காமல் நின்று, ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே இறங்கும் இடம் சொல்லக்கூடியவள் அவள். அந்தக் கண்ணுக்கு மூன்று பூனைகள் எம்மாத்திரம். உன்னைப் படிக்க வைத்தவர்களில்கூட இவ்வளவு பொறுமையாகப் பார்த்துவிட்டுப் பேசியவர்கள் குறைவு. முன்பு மதிலோரம் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். எப்பம்மா சொன்னீங்க என்றாள். அவளுக்கு நினைவில்லை என்பதை நான் நம்பவில்லை.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். தோட்டத்து மண்ணில் வழுக்கி விழுந்தேன் என்றேன், அது பொய். துடைப்பத்தோடு இறங்கும்போது பின்வாசல் இரண்டாம் படியில், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் விழுந்தேன். அங்கே கைப்பிடி வைக்கலாம் என்று மூன்று வருடமாக நீ கெஞ்சுகிறாய், நான் என்ன நடமாட முடியாதவளா என்று வாயை அடைத்தவள், அதே படியில் விழுந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன். மண்மீது பழியைப் போட்டேன், நீ மண்ணை மூடக் கிளம்பிவிட்டாய். இதையும் கண்டக்டரிடம்தான் முதலில் சொன்னேன். கம்பியப் புடிச்சுக்கறவங்கதாம்மா எறங்குற எடம் வரைக்கும் நின்னுக்கிட்டே வருவாங்க என்றாள்.

ஆகவே கொத்தனாரை வர வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, வேண்டாம் என்றால் கேட்கிற பிள்ளையா நீ, என் வயிற்றில் பிறந்தவன்தானே. பன்னிரண்டாம் தேதி அவர் தாராளமாக வரட்டும். பின்வாசல் படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துக் கொடுக்கட்டும், அளவெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பக்கம் ஒரு டைல்ஸ்கூட இறங்கக் கூடாது. இது கிடைத்த அன்றே அவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடு, மறந்துவிடாதே.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மருமகளின் இருமலை அலட்சியம் செய்யாதே. கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். கைப்பிடியின் உயரம் என் கைக்கு அளந்தது, நீ வரும்போது உனக்குத் தாழ்வாகத்தான் இருக்கும். குனிந்து பிடித்துக்கொண்டு இறங்கு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா