தயா அண்ணையின் சம்பளம்

10 நவம்பர், திங்கள்

பெர்ன் முழுவதும் பனிமூட்டம். ஜன்னலில் நின்றால் ஓஸ்டர்முண்டிகன் ரயில் பாதை தெரியவில்லை, சத்தம் மட்டும். அம்மாவுக்கு முழங்கால் மாத்திரை வாங்க வேண்டும். ஜாக்கெட் ஸிப் இன்னும் தைக்கவில்லை.

அலுவலகத்தில் நாள் முழுக்க ஏழாம் விதி. போனிலேயே இருக்கும் காசான டிஜிட்டல் பிராங்க் நாடு முழுவதும் வருவதற்கு முன் மலையில் ஒரு ஒத்திகை: டாவோஸில் இலையுதிர் காலத்திலிருந்து ஓடுகிறது. இதுவரை ஹோட்டல், கடை, விருந்தாளிகள். இனி ஊர் ஆட்களுக்கும். எங்கள் சின்னக் கம்பெனிக்குக் கிடைத்த பெரிய வேலை. விதிகளை எழுதுவது நான். வதிவிட அனுமதி அட்டையோ குடியுரிமையோ இருப்பவர்தான் போனில் பர்ஸ் திறக்கலாம். இதுதான் ஏழாம் விதி. ஒரே வரி. "சுத்தமாக இருக்கிறது" என்றாள் ரெகுலா, எங்கள் பிரிவின் தலைவி. சந்தோஷமாக இருந்தது.

இங்கே பிறந்தவள் தமிழில் நாட்குறிப்பு எழுதுவதற்கு ஒரே காரணம், அலுவலகத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

12 நவம்பர், புதன்

மூட்டம் விலகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தயா அண்ணையின் போன். அம்மாவின் தங்கை மகன். டாவோஸில் ஒரு சிறிய ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவுகிறார். அகதித் தஞ்சம் கேட்ட அசூல் வழக்குத் தோற்றுப் பல வருடம். பெர்மிட் இல்லை. காகிதத்தில் அவர் இந்த நாட்டிலேயே இல்லை.

"துஷி, உன்னட்ட ஒண்டு கேக்கோணும். வாறவை எல்லாரும் போனைத் தட்டிப்போட்டுப் போகினம். பெட்டியில தாள் காசே விழுகுதில்லை. உமக்கு எங்கயிருந்து எடுத்துத் தாறது எண்டு முதலாளியம்மா கேக்கிறா. போனில ஒரு பேர்ஸ் திறக்கட்டாம். நீ அதிலதானே வேலை செய்யிறாய்?"

ஓம் என்றேன்.

"என்ர தங்கச்சிதான் இதைச் செய்யிறாள் எண்டு குசினியில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

பெருமையாகச் சொன்னார். சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யாரைக் கேட்க? எழுதியவளே நான்.

13 நவம்பர், வியாழன்

கூட்டம். துணிந்து சொன்னேன்: பெயர் கேட்காத சின்னப் பர்ஸ் ஒன்று வைக்கலாம், குறைந்த தொகைக்கு மட்டும், தாள் காசு போலவே.

களவுப் பணம் வராமல் பார்ப்பது உர்ஸின் வேலை. "அதற்குள்தான் எல்லாம் வந்து ஒளியும்" என்றார். கோபமாக இல்லை, களைப்பாக.

ரெகுலா கேட்டாள்: "யாருக்காக? அட்டை இல்லாத ஒரு ஆளை எனக்குக் காட்டு."

சுற்றுலாப் பயணிகள் என்றேன். அவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறதே, அவர்களுக்கு வேறு விதி என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெயரைச் சொன்னால் போதும். சொன்னால் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் குடித்தேன். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

மாத்திரை மறந்துவிட்டது.

19 நவம்பர், புதன்

டாவோஸ். ரயிலில் ரெகுலா, உர்ஸ், நான். மேலே ஏறியதும் வெயில், கண் கூசும் பனி.

பள்ளிக்கூட மண்டபத்தில் பிற்பகல் விளக்கக் கூட்டம். ஒரு மாட்டுப் பண்ணைக்காரி எழுந்து, பனிச்சரிவு வந்து வயர் அறுந்தால் என்ன செய்வது, போன வருடம் எங்கள் பக்கம் இரண்டு நாள் விளக்கே இல்லை என்றாள். நல்ல கேள்வி. உர்ஸ் இரண்டு அட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, நெட்வொர்க் இல்லாமலே காசு மாறுவதைக் காட்டினார். கைதட்டல். பின்வரிசையில் ஒரு கிழவர், தாள் காசு போய்விடுமா என்று கேட்டார். "போகாது. அது சட்டத்தில் இருக்கிறது" என்றாள் ரெகுலா.

சட்டத்தில் இருக்கிறது. ஹோட்டல் பெட்டியில் இல்லை.

தலைவலி என்று சொல்லி நழுவினேன். ஹோட்டலின் பின்கதவு. தயா அண்ணை ஏப்ரனோடு வந்தார். மெலிந்துவிட்டார். விரல்கள் ஊறி வெள்ளை. குசினிக் கட்டிடத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்று கோப்பி குடித்தோம்.

"ஏலாதாமோ?" என்று அவரே கேட்டார்.

"பெர்மிட் கேக்குது அண்ணை."

"ஆர் கேக்கிறது?"

என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ தெரியாது. சரி, விடு என்றார்.

மாதாமாதம் நான் பெர்னிலிருந்து எடுத்து அனுப்புகிறேன் என்றேன். அப்போதுதான் குரல் உயர்ந்தது. "நான் பிச்சைக்கோ நிக்கிறன்? விடியத் துவங்கி நிண்டு கழுவுறன். அந்தக் காசைத் தா எண்டுதான் கேக்கிறன்."

முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. என்னிடம் மெல்லச் சொன்னார்: மாத முடிவுக்குள் ஏதாவது வழி செய்யுங்கள், இல்லையென்றால் பெர்மிட் உள்ள வேறு ஆளைத்தான் எடுக்க வேண்டும், எனக்கும் வேறு வழியில்லை.

திரும்பும் ரயிலில் ரெகுலா வேர்க்கடலை தந்தாள். கூட்டம் அருமை என்றாள்.

22 நவம்பர், சனி

மழை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பருப்பு வெந்துகொண்டிருந்தது. கடைசிவரை கேட்டார், அடுப்பை அணைத்தார்.

"என்ர பேரில ஒண்டு திற. அவனிட்டக் குடு."

"அம்மா, அது பிழை. பிடிபட்டால்?"

"எழுபது தாண்டினவளை என்ன செய்வினம்? என்ர தங்கச்சி சாகேக்க அவனை என்னட்டத்தான் விட்டவள். நீ திற."

சோதனைக்காக ஊழியர் குடும்பத்துக்குச் சில பர்ஸ்கள் திறக்க அனுமதி உண்டு. என் பழைய போனில் அம்மாவின் அடையாள அட்டையைப் படம் பிடித்தேன். "கமராவைப் பாருங்கள், சிரிக்காதீர்கள்" என்று திரை சொன்னது. அந்த வாசகமும் நான் எழுதியதுதான். அம்மா சிரிக்கவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன்.

போனைப் பார்சல் கட்டி டாவோஸுக்கு அனுப்பினேன்.

28 நவம்பர், வெள்ளி

சம்பளம் அம்மாவின் பேரில் விழுந்துவிட்டது. தயா அண்ணை போனில் சின்னப் பிள்ளை மாதிரி. "தங்கச்சி, பேக்கரியில பாண் வாங்கினன். தட்டினன். டிங் எண்டுது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2 டிசம்பர், செவ்வாய்

உர்ஸ் என் மேசைக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தி: "உங்கள் அம்மா டாவோஸில் வேலை செய்கிறாரா?"

ஹோட்டலில் இருந்து மாதச் சம்பளம். பெர்னில் இருக்கும் ஓய்வூதியக்காரி. தவறாமல் கண்ணில் படும். படத்தான் வேண்டும், அப்படித்தான் நாங்கள் கட்டினோம்.

"இது யாருடைய சம்பளம் என்று நான் கேட்கவில்லை" என்றார். "ஆனால் வெள்ளிக்கிழமை நான் இதை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் நீங்களே ரெகுலாவிடம் பேசுங்கள்."

தயா அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பர்ஸைத் தொடவேண்டாம், நாளைக்கு வாறன், வந்து கூட்டிக்கொண்டு போறன், எங்களோடு இருக்கலாம் என்று.

"உனக்கு வேலை போகுமோ?"

"தெரியாது அண்ணை."

"பெரியம்மாவுக்கு?"

"ஒண்டும் ஆகாது."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

3 டிசம்பர், புதன்

லீவு. முதல் ரயில். லாண்ட்குவார்ட்டில் மாறி ஏறும்போது பனி கொட்டியது.

இல்லை. விடிகாலையிலேயே போய்விட்டாராம். முதலாளியம்மா அறையைத் திறந்து காட்டினார். கொதிகலன் அறைக்குப் பக்கத்துப் பொந்து. போர்வை நாலாக மடிப்பு. தலையணைமேல் என் பழைய போன், குசினிச் சாவி. பர்ஸைத் திறந்து பார்த்தேன். பாண் வாங்கியது தவிர எதுவும் தொடவில்லை. முழு மாதச் சம்பளம் அப்படியே அம்மாவின் பேரில். கையில் எதை வைத்துக்கொண்டு போனார்?

"பஸ்ஸுக்கு என் கையிலிருந்த சில்லறையைக் கொடுத்தேன்" என்றார் முதலாளியம்மா. அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய போன் அணைந்திருந்தது. ஸ்டேஷன், பஸ் நிறுத்தம், ஏரிக்கரை, திரும்ப ஸ்டேஷன். ஒரு மனிதனைத் தேடுகிறேன் என்று யாரிடம் சொல்வது? போலீசிலா?

வீட்டில் அம்மா இரண்டு கறி வைத்துக் காத்திருந்தார். என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று படியை எட்டிப் பார்த்தார்.

4 டிசம்பர், வியாழன்

ரெகுலாவிடம் எல்லாம். பெயர் சொல்லியே. இனிச் சொன்னால் யாரைப் பிடிப்பார்கள்?

மடிக்கணினியை மூடினாள். பிறகு, "அன்றைக்கு ஒரு ஆளைக் காட்டச் சொன்னேன். அப்போது இவரா உன் மனதில்?" என்றாள்.

ஆம்.

"நீ செய்தது பிழை. அதை நான் எழுதத்தான் வேண்டும்." நிறுத்தினாள். "அவருக்கு நடந்ததையும் எழுதுவேன்."

வேலை உண்டா இல்லையா, தெரியாது. அம்மா சாமிப் படத்துக்கு முன்னால். நான் தெரிந்த எல்லாருக்கும் போன்: ஓர்லிகோனில் அவருடன் முன்பு அறையில் இருந்தவர், லுசேர்னில் ஒரு கடைக்காரர். ஒருவரும் அவரைக் காணவில்லை. இரவு பகல் பூச்சியத்துக்குக் கீழே குளிர். அவர் காலுக்கு நல்ல சப்பாத்து இல்லை.

9 டிசம்பர், செவ்வாய்

வெயில். ரெகுலா கூப்பிட்டாள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை, விதி எழுதும் வேலையிலிருந்து வேறு வேலைக்கு. பர்ஸ் மூடப்படும், சம்பளம் ஹோட்டலுக்கே திரும்பும். கடைசியாக, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: பெயர் கேட்காத சின்னப் பர்ஸுக்கு மேலிடம் ஒத்துக்கொண்டுவிட்டது. மலை மக்களே தனியுரிமை கேட்டார்களாம், அந்தக் காரணத்துக்காக. புது வருடத்திலிருந்து. உர்ஸும் கையெழுத்து வைத்தாராம்.

நன்றி சொன்னேனா? நினைவில்லை.

11 டிசம்பர், வியாழன்

மூட்டம் திரும்ப வந்துவிட்டது. அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பால் முடிந்தது.

மாலை வேலையிலிருந்து வரும் டிராமில், தெரியாத எண். பிரான்ஸ்.

"தங்கச்சி, நான்தான். ஆரோ ஒருத்தற்ற போன், கன நேரம் கதைக்கேலாது. உன்ர வேலை இருக்குதோ?"

"இருக்கு அண்ணை. எங்க நிக்கிறியள்? சாப்பிட்டியளோ?"

"சாப்பிட்டன். பெரியம்மாவைப் பயப்பட வேண்டாம் எண்டு சொல்லு."

புது விதியைச் சொன்னேன். இனிப் பெயர் கேட்கமாட்டார்கள், திரும்பி வாருங்கள் என்று டிராமில் எல்லாரும் பார்க்கக் கத்தினேன். அவர் பக்கம் ஸ்டேஷன் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"நல்லது துஷி. இனி வாற ஆக்களுக்கு உதவும். எல்லை தாண்டி வந்திட்டன், இனித் திரும்பேலாது. சரி, இவர் போனைக் கேக்கிறார்."

டிராமை விட்டு இறங்கி அதே எண்ணுக்கு எடுத்தேன். ஒரு பிரெஞ்சுக்காரர். ஆமாம், ஸ்டேஷனில் ஒருவர் கேட்டார், கொடுத்தேன் என்றார். எந்த ஸ்டேஷன்? லியோன். இப்போது அவர் எங்கே? தெரியாது, நானும் என் ரயிலில் ஏறிவிட்டேன் என்றார்.