சண்முகத்தாயின் இரண்டு படங்கள்

பாசமுள்ள பாண்டி,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நலமா என்று கேட்டுத் தொடங்கித்தான் கை பழகியிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். இங்கே எல்லாரும் நலம். பட்டாசுக் கம்பெனியில் சீசன் வேலை தொடங்கிவிட்டது. ஆய்வறையில் நான் காலை முதல் மாலை வரை வெடியுப்பையும் கந்தகத்தையும் சோதித்துக்கொண்டிருக்கிறேன். கெடாமலிருக்க நீ ஃபிரிட்ஜில் வைத்த பிலிம் சுருள்கள் பதினொன்று அப்படியே இருக்கின்றன. காய்கறி வைக்க இடமில்லை. ஆனாலும் நகர்த்தவில்லை.

நமக்குள் சண்டை வந்தால் அது பிலிம் கழுவுகிற டெவலப்பரைப் பற்றித்தான் இருக்கும், இல்லையா? பிலிமில் இருவரும் ஒரே கட்சி. நானூறு வேகத்து எச்.பி.5 கறுப்பு வெள்ளைச் சுருள் போதும். அதை எதில் கழுவுவது என்பதில்தான் பிரிந்தோம். உனக்கு ரோடினால், ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு தண்ணீர். எனக்கு டி-76, அதுவும் நானே தராசில் நிறுத்துக் கலக்கியது.

என் கலவையில் இருக்கும் சல்பைட் உப்பு, பிலிமிலுள்ள வெள்ளி மணிகளின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துவிடும். முகம் வழுவழுப்பாக வரும். ரோடினால் எதையும் கரைக்காது. ஒவ்வொரு மணியும் மணல் தெளித்த மாதிரி தனியாக நிற்கும். "கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்குக்கா ஒன் படம்" என்பாய். "ஒன் படத்துல எல்லாருக்கும் அம்மை போட்டிருக்குலே" என்பேன் நான்.

முகத்துக்குச் சுத்தமாக ஆகாதது எது என்பதில் மட்டும் நாம் ஒத்துப்போனோம். நீ வேலை பார்த்த அச்சகத்தில் எழுத்து அச்சுக்கு வாங்கி மிஞ்சிய லித் பிலிமைக் கொண்டுவந்து, லித் டெவலப்பரிலேயே கழுவினாய். கறுப்பு, வெளுப்பு, நடுவில் சாம்பல் நிறமே இல்லை. காலண்டர் எழுத்துக்கு அது சரி. அப்பாவை அதில் எடுத்தாய். மூக்குக்கண்ணாடி வந்தது, அப்பா வரவில்லை.

இதையெல்லாம் வேறொன்று சொல்வதற்காகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சண்முகத்தாயை உனக்கு நினைவிருக்கும். எங்கள் கம்பெனியில் திரி செருகுகிறவள். பல வருடம் முன்பு வேறொரு இடத்தில் நடந்த விபத்தில் இடது கன்னத்திலிருந்து தோள்வரை வெந்துபோனவள். ஆனைக்குட்டத்தில் அவள் வீட்டு வாசலில் வைத்து நீ இரண்டு சுருள் எடுத்தாய். ஒன்றை நீ ரோடினாலில் கழுவினாய். இன்னொன்றை நான் கேட்டு வாங்கி டி-76-இல் கழுவினேன். ஒரே பிலிம், ஒரே மாலை, ஒரே முகம். உன்னுடையதில் தழும்பின் ஒவ்வொரு சுருக்கமும் எண்ணிவிடலாம் போலிருந்தது. என்னுடையதில் அது கன்னத்தில் விழுந்த நிழல் மாதிரி அடங்கிக் கிடந்தது.

நீ உன் படத்தை மதுரைக் கண்காட்சிக்கு அனுப்பினாய். பரிசும் வந்தது. அங்கே படிக்கிற, சண்முகத்தாயின் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதைப் போனில் எடுத்து அவளுக்கு அனுப்ப, அவள் போனைக் கையில் பிடித்தபடி நம் வீட்டுக்கு வந்தாள். நீ அப்போது வேலைக்குப் போயிருந்தாய்.

"ஏன்க்கா, தம்பி இப்படிப் பண்ணிட்டாக? இப்படியா நான் நாலு பேருக்குத் தெரியணும்?" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் உன்னை நிற்கவைத்துப் பேசினேன். "நான் சொன்னேன்லலே? ரோடினால் மனுச மூஞ்சிக்கு ஆகாது. அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்?" என்றேன். "உள்ளது உள்ளபடி இருக்குக்கா. ஒனக்குத்தான் அதப் பாக்க முடியல" என்றாய். பிறகு இருவரும் சொல்லக்கூடாததையும் சொன்னோம். அதற்கப்புறம் பேசாமல் ஒன்றும் இருந்துவிடவில்லை. சாப்பிட்டாயா, கரண்ட் பில் வந்ததா, எல்லாம் பேசினோம். படத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. இரண்டு வருடம். அப்புறம் ஒருநாள் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் சட்டையைத்தான் என் கையில் கொடுத்தார்கள்.

போன மாதம் உன் மதுரை நண்பர்கள் வந்திருந்தார்கள். உன் நினைவாக உன் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்களாம். சண்முகத்தாய் படம்தான் முகப்பில் வரவேண்டும் என்றார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டம் போனேன். கையில் இரண்டு பிரிண்ட். என்னுடையதை மேலே வைத்திருந்தேன், உன்னுடையதை அடியில். அவள் மோர் கொடுத்தாள். உன்னைப் பற்றி விசாரித்தாள், கொஞ்சம் அழுதாள். பிறகு என் படத்தை நீட்டினேன்.

"இது யாரு, அக்கா?" என்றாள்.

"நீங்கதான். அதே நாள் எடுத்தது. நான் கழுவினேன்."

வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எந்தங்கச்சி மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பாயில் வைத்தாள். "தம்பி எடுத்தது இல்லையா?"

கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு விரலால் படத்திலிருந்த கழுத்துத் தழும்பைத் தடவினாள். "இதான் நான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "ஒங்களுக்கு இது பிடிக்கலன்னுதான அன்னைக்கு வந்தீக?"

"பிடிக்கலன்னு எப்பக்கா சொன்னேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மாட்டிட்டாகன்னுல்ல வந்தேன். கீழ என்னன்னு எழுதியிருந்துச்சு தெரியுமா? 'பட்டாசுத் தொழிலாளி'ன்னு. எனக்குப் பேரு இல்லையா?"

பாண்டி, நாம் இரண்டு பேரும் என்னதான் கேட்டோம்? வெள்ளி மணியையும் சல்பைட்டையும் வைத்துக்கொண்டு நீயும் நானும் முட்டிக்கொண்டோம். அவள் சொன்னது அதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன விஷயம். அன்றைக்கு அவளை உட்காரவைத்து, எதைச் சொல்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் நான். கேட்கவில்லை. அவளுக்காகப் பேசுவதாக நினைத்து என் டெவலப்பருக்காகப் பேசியிருக்கிறேன். நீயும் அவளிடம் போய்க் கேட்கவில்லை; அதுவும் கணக்கில் நிற்கட்டும்.

கண்காட்சி விஷயத்தைச் சொன்னேன். "வேண்டாம்னா சொல்லுங்க. யாரும் வற்புறுத்த மாட்டாக" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சேலைக்கு மேல் போட்ட முழுக்கைச் சட்டையோடு ஆய்வறை வாசலில் வந்து நின்றாள்.

"வைக்கச் சொல்லுங்கக்கா. ஆனா எம்பேரப் போடணும், முழுசா. நானும் வருவேன், எம்மகளையும் கூட்டிட்டு."

"எந்தப் படம்?"

"இதென்ன கேள்வி? தம்பி எடுத்ததுதான்." போகிறபோது திரும்பி, "ஒங்க படத்த எங்கிட்டயே குடுத்திருங்க, வீட்டுல மாட்டிக்கிடுதேன்" என்றாள்.

முகத்துக்கு ரோடினால் ஆகாது என்று இன்னும் நான் சொல்வேன். இந்த ஒரு முகத்துக்கு நீ சொன்னதே சரி. உயிரோடிருக்கும்போது சொல்லியிருந்தால் நீ ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

உன் மதுரை நண்பர்களுக்கு எழுதிவிட்டேன். முகப்பில் அந்தப் படம் வருகிறது. கீழே 'சண்முகத்தாய், ஆனைக்குட்டம்' என்று மட்டும் இருக்கும். உன் மற்ற படங்களில் இன்னும் முப்பது நாற்பது பேர் பெயரில்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவேன். பெயரைக் கேட்பேன், சம்மதத்தைக் கேட்பேன். வேண்டாம் என்றால் எடுத்துவைத்துவிடுவேன். எவ்வளவு நல்ல படமாயிருந்தாலும்.

இப்படிக்கு,
உன்னோடு சண்டை போட்ட,
உன் கூடப்பிறந்த அக்கா