காற்று திரும்பிய பக்கம்

பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் இந்த வாரம் கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டுப்பட்ட தேயிலைக் கட்டையின் பச்சை வாடை வகுப்பறைக்குள் வந்து சோக்குத் தூளோடு கலந்து நிற்கிறது. நேற்று மத்தியானம் ஜன்னல் வழியே பார்த்தேன். இலையே இல்லாமல் கிடந்த மலையில் தூசி ஆளுயரத்துக்குச் சுழன்று எழுந்தது. கட்டைகளுக்கு மேலாகவே நடந்து போய் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து அடங்கியது. "முனி போகுது டீச்சர்" என்றார்கள் பிள்ளைகள். நான் தூசியைப் பார்க்கவில்லை. விறகுக்கு மிளார் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் முதுகைப் பார்த்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, மாஸ்டர்.

நீங்கள் இறந்த செய்தியை உங்கள் தங்கைதான் கொண்டுவந்தார். போன நாட்டிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். ஹட்டன் கோயிலில் பூசை வைத்து, அன்றைக்கு ஒரு நினைவு மலர் கொடுக்கப்போகிறார்களாம்.

"நாலு வரி எழுதிக் குடுங்க டீச்சர். செவ்வாயில காத்து சுத்துறத இங்க தோட்டத்துல நின்னே கண்டுபுடிச்சவரு எங்க அண்ணன். ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா.

செவ்வாயில் இரண்டு கலங்கள் இறங்கிய பிறகுதான் உங்களுக்கு அந்தப் பித்து பிடித்தது. கண்டிக்குப் போய்வரும்போதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து வெளிநாட்டுச் சஞ்சிகைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவீர்கள். ஆசிரியர் அறையில் அதைக் கேட்க என்னை விட்டால் ஆளில்லை. அங்கேயும் வெயிலில் தரை காய்ந்து தூசிச் சுழல்கள் எழும்பலாம், ஆனால் கலம் ஓரிடத்தில் குத்துக்கல்லாக நிற்கிறது, அதன் கேமரா அந்த நிமிஷத்தில் அந்தப் பக்கம் பார்த்திருக்காது என்பீர்கள். "அதுக்குத் தெரியுறதெல்லாம் காத்து எந்தத் திசையிலேருந்து அடிக்குதுங்கிறது மட்டுந்தான் டீச்சர். அத வச்சிக்கிட்டு, சுழல் வந்துச்சா, வந்தா எந்தப் பக்கமாப் போச்சின்னு எப்படிச் சொல்றது?" நான் பௌதிகம் படித்தவள். கேள்வி நல்ல கேள்வி என்று தெரிந்தது. ஆனால் அதற்கு ஹட்டனிலிருந்து விடை சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை.

டயகமப் பக்கம் என் அம்மா வேலை செய்த தோட்டத்தில் அந்த வருஷம் கவ்வாத்து என்று நான்தான் சொன்னேன். மாசி மாத வெயிலில் வெட்டிய மலை அடுப்புக் கல் போலச் சூடேறும், சுழல்கள் கட்டாயம் வரும். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போனோம். ஊர் வாய்க்குப் பயந்து, மலையில் அம்மா இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் எப்போதும் நிற்போம். எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அப்படியும் அந்தக் காவல் வேண்டியிருந்தது.

தேயிலை ஸ்டோரில் டீ மேக்கரிடம் கேட்டு வாங்கிய வெப்பமானியும், நுனியில் துணி கட்டிய மூங்கிலுமாக நீங்கள் தூசியைத் துரத்தி ஓடுவீர்கள். பெண்கள் விடுவார்களா?

"மாஸ்டரு முனியப் புடிச்சி என்னா செய்யப் போறாரு?"

"கட்டிக்கிறதுக்குத்தான். வேற யாரு குடுப்பாங்க அவருக்கு?"

"சும்மா இருங்கடி, டீச்சரம்மா காதுல விழுவுது."

நீங்களும் சிரிப்பீர்கள். கூச்சமே இல்லாத சிரிப்பு. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முனி முகத்தில் அடித்தால் சீக்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் காற்று சுழன்று வந்தால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு முதுகைக் கொடுப்பார்கள். காற்று திசை மாற மாற, முதுகும் கூடவே மாறும். சிறு பிள்ளையில் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். மூன்றாவது சனிக்கிழமை, மிளார் பரந்து கிடந்த மலைத்துண்டில் ஒரு சுழல் போனது. மண்ணை மிளார் மூடியிருந்ததால் தூசி எழவில்லை. நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. அம்மா மேல் வரிசையில் நின்றார். பக்கத்து லயத்து அக்கா கீழ் வரிசையில் நின்றார். சுழல் கீழே கிடந்த இலைகளை மட்டும் புரட்டிக்கொண்டு இருவருக்கும் நடுவே இடமிருந்து வலமாகக் கடந்தது. அம்மா இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போய் அரைவட்டம் சுற்றி நின்றார். அக்கா வலப்பக்கமாக அரைவட்டம் சுற்றினார்.

நான் உங்களைக் கூப்பிட்டேன். சுழல் எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் பரவாயில்லை, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும், காற்று திரும்பும் விதமே அது கடந்த பக்கத்தைச் சொல்லிவிடும் என்றேன். செவ்வாயில் நிற்கும் கலமும் மலையில் நிற்கும் ஒரு பெண்தான் என்றேன்.

"தற்செயல் டீச்சர்" என்றீர்கள். வழக்கமாக நான் சொல்லும் வார்த்தை அது. அதற்குப் பிறகு பங்குனி முடியும் வரை உங்களை இழுத்துக்கொண்டு போனவள் நான். மண்ணில் கோடு கிழித்துக் கணக்கை நேராக்கியவளும் நான். கடைசி நாள் அம்மாவின் மிளார்ச் சுமையை நீங்கள் லயம் வரைக்கும் தலையில் சுமந்து வந்தீர்கள். "அந்த மாஸ்டரு நல்ல புள்ள" என்று அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் அச்சாகி வந்தபோது ஆசிரியர் அறைக்கு ஓடிவந்து என் மேசையில் விரித்தீர்கள். மலையின் படம் இருந்தது. அதில் அம்மா ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்காவது இடம் கிடைத்திருந்தது. மேலே உங்கள் பெயர். கடைசி வரியில், உதவிய ஒரு சக ஆசிரியைக்கு நன்றி.

"என் பேரு எங்க மாஸ்டர்?" என்று கேட்டேன்.

நீங்கள் தடுமாறவில்லை. கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள். "ரெண்டு பேரு பேரும் சேந்து அச்சுல வந்தா ஹட்டன்ல என்னா பேசுவாங்க? கல்யாணம் ஆகாத பொம்பள நீங்க. ஒங்க நல்லதுக்குத்தான் டீச்சர்."

நீங்கள் பொய் சொன்னதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அதுதான் ஆறவில்லை. திருடியிருந்தால் திருடன் என்று சொல்லி முடித்திருப்பேன். நீங்கள் என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். நான் பேசாமல் இருந்தேன். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தக் கட்டுரை உங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனது. செவ்வாயிலிருந்து வந்த காற்றுப் பதிவுகளைப் படிக்கும் வேலை. நான் ஏழாம் வகுப்புக்கு நெம்புகோல் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் போன மறுவாரமே ஹட்டன் பேச ஆரம்பித்தது. "மாஸ்டரு டீச்சர ஏமாத்திட்டுப் பிளேன் ஏறிட்டாரு" என்று கடைவீதியில் சொன்னார்கள். சனிக்கிழமைப் பஸ்ஸை எண்ணிச் சொன்னவர்களும் இருந்தார்கள். பெயர் அச்சில் வந்திருந்தால் என்ன பேசியிருப்பார்களோ, அதையேதான் வராதபோதும் பேசினார்கள். பேச்சு மட்டும் எனக்கு, கட்டுரை உங்களுக்கு.

நத்தார் பண்டிகைக்கு ஒரே ஒரு வாழ்த்து அட்டை போட்டீர்கள். "இங்கே காற்று நம்ம மலையில் திரும்பின மாதிரியே திரும்புகிறது, டீச்சர்." யாரும் மிதிக்காத செவ்வாய்த் தரையில், யாரும் பார்க்காத ஒரு சுழல், நான் சொன்னபடி கடந்து போயிருக்கிறது. அன்றைக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பதில் போடவில்லை.

முந்தாநாள் உங்கள் தங்கை திரும்பவும் வந்தார். எழுதித் தருகிறேன், பெயரும் போட வேண்டும் என்றேன். அவர் கையைப் பிசைந்தார்.

"பேரு வேணாமே டீச்சர். 'ஒரு சக ஆசிரியை'ன்னு போட்டுருவோம். செத்துப்போன மனுசன், பழைய கதைய யாராச்சும் கெளறுவாங்க."

"பேரு இல்லாட்டி எழுத்தும் இல்ல" என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். போடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் என்று ஒன்று இருக்கிறது. எங்கே காற்று எழும்பினாலும், பஸ் நிலையத்தில் குப்பை சுழன்றாலும், நான் முதலில் தேடுவது அதைப் பார்க்காமல் நிற்கிறவர்களை. அவர்கள் திரும்பும் பக்கத்தை வைத்து, கடந்து போனது எது, எந்தப் பக்கமாகப் போனது என்று சொல்லிவிடுவேன். ஆட்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த மடலில் உங்கள் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள். உங்கள் நல்லதுக்குத்தான், மாஸ்டர்.

கருப்பையா இராசம்மாள்